பயண நேரத்தில் ஜப்பானிய மொழி: ஃபோன் போதுமா, வேறு கருவி வாங்க வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கு வசதியாக இருக்கும். வேலைக்குப் போக முக்கால் மணி நேரம், திரும்பி வர முக்கால் மணி நேரம், பாதி தூரம் ரயில், பாதி தூரம் பஸ். ஹிரகானா, கதகானா என்ற இரண்டு ஜப்பானிய அசையெழுத்து வரிசைகளும் தெரியும். டிசம்பரில் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 நிலையை எழுத வேண்டும், வீட்டில் உட்கார்ந்து படிக்க நேரமில்லை. கையில் ஓர் ஆண்ட்ராய்டு ஃபோன் இருக்கிறது, அதோடு டேப்லெட், கிண்டில், மின்னகராதி இவற்றில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது தடவை படித்தபோது எனக்குத் தோன்றியது வேறு: பயண நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் தேர்வைத் தாண்டிவிட முடியுமா, வீட்டில் படிக்காத குறையை ஒரு கருவி ஈடுகட்டுமா என்பதைத்தான் கேட்கிறீர்கள். என் பதில்: கிட்டத்தட்ட முடியும், ஆனால் இரவில் ஒரு இருபது நிமிடமும் வார இறுதியில் ஓரிரு மணி நேரமும் ஒதுக்கியே ஆக வேண்டும். வாங்க வேண்டியது என்று பார்த்தால் நல்ல இயர்ஃபோன் ஒன்றுதான், மற்றதெல்லாம் உங்கள் ஃபோனிலேயே இருக்கிறது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானிய மொழியிலிருந்து ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு, பல வருடங்களாக மாலையில் ஆரம்பநிலை வகுப்பும் எடுக்கிறேன். வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், அதனால் பயணத்தில் படிப்பது என்பது எங்கள் வகுப்பில் ஓயாத பேச்சு. நான் ஆண்ட்ராய்டுக்காரன், ஐஃபோனைப் பற்றிச் சொல்வதெல்லாம் மாணவர்களிடம் பார்த்தது. நினைவாற்றல் ஆய்வும் என் துறை இல்லை. எதை உறுதியாகச் சொல்கிறேன், எது என் அனுமானம் என்பதை அங்கங்கே பிரித்துக் காட்டுகிறேன்.

முதலில் கணக்கு. ஜேஎல்பிடி 1984-ல் ஆரம்பித்தபோது நான்கு நிலைகள்தான் இருந்தன, 2010-ல் மாற்றி அமைத்து என்1 (மிகக் கடினம்) முதல் என்5 (மிக எளிது) வரை ஐந்தாக்கினார்கள். அதற்குப் பிறகு எந்த நிலைக்கும் அதிகாரப்பூர்வமான சொற்பட்டியல் வெளியிடுவதில்லை, இணையத்தில் 'என்4 பட்டியல்' என்று உலவுவதெல்லாம் பழைய பட்டியலையும் பழைய வினாத்தாள்களையும் வைத்துப் பலர் தொகுத்தவை. ஆனால் என்4-க்கு இணையான பழைய 3-ஆம் நிலைக்கு ஓர் அளவுகோல் கொடுத்திருந்தார்கள்: சுமார் 300 கான்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்), 1500 சொற்கள், 300 மணி நேரப் படிப்பு. உங்கள் பயணம் நாளுக்கு ஒன்றரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் ஏழரை மணி நேரம், 40 வாரத்தில் சரியாக 300 மணி நேரம் வந்துவிடுகிறது. பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் அந்த 300 என்பது ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து படிக்கும் 300. ரயிலில் ஏறி இடம் பிடித்து, இடிபட்டு, இறங்குமிடம் தாண்டிவிட்டதா என்று எட்டிப் பார்த்து, நடுவில் வரும் வாட்ஸ்அப்புக்குப் பதில் போட்டதுபோக மிஞ்சுவதில் பாதி உருப்படியானால் அதுவே நல்ல நாள். பாதி என்பது என் அனுமானம்தான், சிலருக்குக் கூடலாம். மீதியை எங்கேயாவது ஈடுகட்ட வேண்டும், அதனால்தான் அந்த இரவு இருபது நிமிடம், வார இறுதி ஓரிரு மணி நேரம்.

பயணத்தில் எந்த வேலை நடக்கும், எது நடக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏற்கெனவே ஒருமுறை பார்த்ததைத் திரும்பப் பார்ப்பது பிரமாதமாக நடக்கும், காதால் கேட்பது நன்றாக நடக்கும். புதிய இலக்கண விதியை முதல்தடவையாகப் புரிந்துகொள்வது நடக்காது, ஏனென்றால் அதற்கு இரண்டு பக்கம் முன்னே போய், ஒரு பக்கம் பின்னே வந்து, நாலு வாக்கியம் எழுதிப் பார்க்க வேண்டும். கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைச் செய்யப் பார்த்து, மூன்றாவது வாரத்தில் 'எனக்கு மண்டையில் ஏறவில்லை' என்று விட்டுப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மண்டையில் ஒரு கோளாறும் இல்லை, வேலையைத் தவறான இடத்தில் வைத்ததுதான் கோளாறு. எனவே வார இறுதியில் மேஜையில் ஒரு பாடத்தைப் படித்துவிடுங்கள், இரவில் மறுநாளுக்கான சொல் அட்டைகளையும் (ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள்) ஒலிக்கோப்பையும் ஃபோனில் ஏற்றி வைத்துவிடுங்கள், காலையில் வண்டி ஏறியதும் 'இன்று என்ன படிக்கலாம்' என்ற யோசனையே வரக்கூடாது. அந்த யோசனைதான் பத்து நிமிடத்தைத் தின்னும், அதற்குள் கை தானாகவே வேறு ஆப்பைத் திறந்திருக்கும்.

திரும்பப் பார்ப்பதற்கு ஆன்கி என்ற ஃபிளாஷ்கார்டு மென்பொருளைத் தாண்டி நான் யாருக்கும் எதையும் சொல்வதில்லை. டேமியன் எல்ம்ஸ் என்பவர் ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருந்தபோது உருவாக்கி 2006-ல் வெளியிட்டது, நமக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருப்பதில் ஆச்சரியமில்லை. ஒரு சொல்லை மறக்கப் போகிற நேரம் பார்த்து மறுபடி காட்டும், தெரிந்ததைத் தள்ளிவைக்கும், தெரியாததைச் சீக்கிரம் கொண்டுவரும். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் நினைவில் நிற்கும் என்பதில் விவாதமே கிடையாது, ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-ல் தன்னையே சோதித்து எழுதிய காலத்திலிருந்து திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். ஆண்ட்ராய்டில் இதன் பெயர் ஆன்கிட்ராய்டு, இலவசம். ஐஃபோன் ஆப்பு கட்டணம் கேட்கும், கட்ட விருப்பமில்லாதவர்கள் ஆன்கிவெப் தளத்தை உலாவியில் திறந்து இலவசமாகவே படிக்கலாம். ஒத்த பெயர் வைத்த வேறு ஆப்புகள் கடையில் உண்டு, பெயரைச் சரிபார்த்து இறக்குங்கள்.

ஆன்கியில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. நிறுவியதும் அது நாளுக்கு 20 புதிய அட்டை என்று வைத்திருக்கும். முதல் வாரம் ஜாலியாக இருக்கும், ஒரு மாதத்தில் நாளுக்கு நூற்றைம்பது, இருநூறு மறுபார்வை வந்து நிற்கும், இரண்டு நாள் லீவு போட்டால் மலை மாதிரி குவிந்து பயமுறுத்தும், அப்புறம் ஆப்பையே திறக்க மனம் வராது. எட்டு அல்லது பத்துக்குக் குறைத்துவிடுங்கள். நாளுக்கு எட்டு என்றாலும் 40 வாரத்தில், வேலை நாட்களை மட்டும் எண்ணினாலே, 1600 சொற்கள் வந்துவிடும், என்4-க்கு அது தாராளம். அமைப்புகளில் எஃப்எஸ்ஆர்எஸ் என்றொரு திட்டமிடும் முறை இருக்கும், 2023 வாக்கில் வந்தது, அதை இயக்கிக்கொள்ளுங்கள். பழைய முறையைவிடக் குறைந்த மறுபார்வையில் அதே அளவு நினைவு நிற்கிறது. ஆன்கிட்ராய்டில் திரையைத் தட்டுவது, இழுப்பது, வால்யூம் பட்டனை அழுத்துவது எல்லாவற்றுக்கும் ஒரு செயலை ஒதுக்கிக்கொள்ளலாம், நின்றுகொண்டு போகிறவர்களுக்கு இது பெரிய வரம்.

அட்டையை எப்படி எழுதுவது என்பதில் நம்மவர்களுக்கு மட்டுமேயான ஒரு வசதியும் ஒரு ஆபத்தும் இருக்கின்றன. வசதியை முதலில் சொல்கிறேன். பின்பக்கத்தில் பொருளை ஆங்கிலத்தில் எழுதாமல் தமிழில் எழுதுங்கள். ஜப்பானிய வாக்கியத்திலும் வினை கடைசியில்தான் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும். 'தபெதெ மிரு' என்பதை ஆங்கில நூல்கள் அரைப் பக்கம் விளக்கும், நமக்கு 'சாப்பிட்டுப் பார்' என்று எழுதினால் முடிந்தது, மிரு என்றால் பார்ப்பதுதான். 'கத்தெ ஒகு' என்றால் 'வாங்கி வை', 'வசுரெதெ ஷிமத்தா' என்றால் 'மறந்துவிட்டேன்'. வினையெச்சமும் துணைவினையும் அப்படியே பொருந்துகின்றன. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதிட்டார், பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை, அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம். உறவு இருக்கிறதோ இல்லையோ, வாக்கியம் ஓடும் திசை ஒன்றாக இருப்பதால் கேட்டுக்கொண்டே வரிசையாகப் புரிந்துகொள்ள முடிகிறது, ஓடும் வண்டியில் கேட்டுப் படிப்பவருக்கு அது எவ்வளவு உதவி என்பது போகப் போகத் தெரியும்.

ஆபத்து என்னவென்றால், உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி வைப்பது. இந்தப் பதிலில் வேறு வழியில்லாமல் நான் செய்கிறேன், நீங்கள் அட்டையில் செய்யாதீர்கள். சாவிக்கு ஒரு சொல், கடல் சிப்பிக்கு ஒரு சொல், இரண்டையும் நம் எழுத்தில் 'ககி' என்றுதான் எழுத முடியும், ஆனால் ஜப்பானியருக்கு நடுவில் வரும் மெல்லொலியும் (g) வல்லொலியும் (k) வேறு வேறு எழுத்து. ஹிரகானாவிலேயே எழுதுங்கள், கூடவே ஒலியும் சேருங்கள். இன்னொரு பக்கம், குறில் நெடிலும் ஒற்று இரட்டிப்பதும் நம் காதுக்குப் பிறவியிலேயே பழக்கம். ஒரு நெடிலில் அத்தை பாட்டியாகிவிடும் அந்த மொழியில், ஐரோப்பிய மாணவர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் இடத்தை நாம் முதல் வாரத்திலேயே தாண்டிவிடுகிறோம்.

இனி கேட்பது. என்4-ல் மொத்தம் 180 மதிப்பெண், 90 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த 120-ல் குறைந்தது 38, கேட்டலுக்கான 60-ல் குறைந்தது 19 எடுக்கவில்லை என்றால் மொத்தம் எவ்வளவு வாங்கினாலும் தோல்விதான். புத்தகம் மட்டும் படித்தவர்கள் மாட்டுவது பெரும்பாலும் இந்தக் கேட்டலில். ஆக உங்கள் பயணத்தில் பாதியை, குறிப்பாகப் பஸ் பகுதியை, முழுக்கக் காதுக்கு விட்டுவிடுங்கள். பஸ்ஸில் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டே போனால் பலருக்குக் குமட்டும், உடல் அசைவதை உள்காது சொல்கிறது, கண்ணுக்கு முன்னால் இருப்பதோ அசையாமல் நிற்கிறது, இரண்டும் ஒத்துப்போகாததால் வருவது அது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டால் அந்தப் பிரச்சினை இல்லை.

எதைக் கேட்பது என்றால், ஜப்பான் ஃபவுண்டேஷன் 2020-ல் வெளியிட்ட இரோதொரி பாடநூலை எடுத்துக்கொள்ளுங்கள். நூலும் ஒலிக்கோப்புகளும் மொத்தமாக இலவசம், எம்பி3-ஆக இறக்கி ஒரு ஃபோல்டரில் போட்டுக்கொள்ளலாம். கடை, வேலையிடம், மருத்துவமனை என்று நிஜமாகப் பேசும் பேச்சு, துணுக்குத் துணுக்காக இருப்பதால் பயணத்துக்குத் தோதாகவும் இருக்கிறது. பாட்காஸ்ட்டுகளும் நிறைய இருக்கின்றன, ஆரம்பநிலைக்காரர்களுக்கென்று மெதுவாகப் பேசுவது கூட உண்டு, ஆனால் அவற்றை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு உரையாடலை, இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போகாததை, வாரம் முழுக்கக் கேளுங்கள். முதலில் எழுத்தைப் பார்க்காமல் நாலைந்து தடவை. எங்கே வழுக்குகிறது என்று தெரிந்த பிறகு எழுத்தோடு ஒருமுறை. அப்புறம் மறுபடி எழுத்தில்லாமல், இந்தத் தடவை பேசுபவரின் வாலைப் பிடித்துக்கொண்டே அரை நொடி தள்ளிக் கூடவே சொல்லிக்கொண்டு. இதை ஷேடோயிங் என்பார்கள். கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் உதட்டை மட்டும் அசையுங்கள், இல்லை முகக்கவசம் போட்டுக்கொண்டு முணுமுணுங்கள், என் மாணவி ஒருவர் அப்படித்தான் ஒப்பேற்றினார். வெள்ளிக்கிழமை வாக்கில் அந்த உரையாடல் சலிப்புத் தட்ட வேண்டும். தட்டினால் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

இயர்ஃபோன் வாங்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். பஸ்ஸின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த உறுமல், அது பேச்சை மூடும்போது முதலில் காணாமல் போவது வாக்கியத்தில் அழுத்தம் இல்லாமல் வரும் ஒற்றை எழுத்து உருபுகள், அதாவது யார் யாரை அடித்தார் என்று சொல்லும் துண்டுகள். கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றுவோம். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பான அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரம்தான். நீங்கள் வாரம் ஏழரை மணி நேரம் பயணம் செய்கிறீர்கள். இரைச்சல் நீக்கும் வசதி இப்படிப்பட்ட சீரான உறுமலைத்தான் நன்றாக அடக்கும், பக்கத்து சீட்டுப் பேச்சை அவ்வளவாக அடக்காது. அந்த வசதி இல்லாவிட்டாலும் காதுத் துளையில் இறுக்கமாகப் பொருந்தும் சிலிகான் முனை உள்ளதே பாதி வேலையைச் செய்துவிடும், முனையின் அளவைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். இன்னொன்று, ப்ளூடூத் இயர்ஃபோன்களில் சில, ஒலி வராத இடைவெளியில் தூங்கிவிடும். ஆன்கி அட்டையில் ஒரே ஒரு சொல் ஒலிக்கும்போது விழித்துக்கொள்வதற்குள் முதல் அசை போய்விடும். எனவே அட்டைகளுக்கு ஒயர் உள்ளதுதான் நிம்மதி. உங்கள் ஃபோனில் அதற்கான துளை இல்லையென்றால் யூஎஸ்பி-சி ஒயர் இயர்ஃபோன் கிடைக்கும்.

ஃபோனில் மூன்று வேலை செய்து வையுங்கள். ஒன்று, ஆஃப்லைனில் இயங்கும் அகராதி. ஆண்ட்ராய்டில் தகொபொதோ, ஐஃபோனில் ஷிராபே ஜிஷோ, இரண்டுமே இலவசம், இணையம் போன சுரங்கப்பாதையிலும் வேலை செய்யும். இவற்றுக்கும் இன்னும் பல அகராதிகளுக்கும் அடியில் இருப்பது ஆஸ்திரேலியாவில் ஜிம் பிரீன் 1991-ல் தொடங்கிய தகவல் தொகுப்புதான், அதனால் எந்த அகராதி சிறந்தது என்று ரொம்ப ஆராய வேண்டாம், உள்ளடக்கம் ஏறக்குறைய ஒன்று. இரண்டு, ஃபோன் அமைப்பில் மொழிகளின் பட்டியலில் ஜப்பானிய மொழியையும் சேர்த்துவிடுங்கள், முதல் மொழியாக வேண்டாம், அடுத்ததாக இருந்தால் போதும். சேர்க்காவிட்டால் பல ஃபோன்களில் கான்ஜி சீன வடிவத்தில் தெரியும். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் சீனம், ஜப்பான் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள், எந்த நாட்டு வடிவில் காட்டுவது என்பதை எழுத்துருதான் முடிவு செய்கிறது. எலும்பு, மூலை, நேர் இவற்றுக்கான எழுத்துகளில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும், மாதக்கணக்கில் தவறான வடிவத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, ஜப்பானிய விசைப்பலகையில் ஃப்ளிக் முறையைப் போட்டுக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பெரிய பட்டன்கள், ஒவ்வொன்றும் ஒரு மெய் வரிசை, அழுத்தி நாலு பக்கம் இழுத்தால் மற்ற உயிர்கள் வரும். நமக்கு இது ஒரே நாளில் வந்துவிடும், ஏனென்றால் அவர்களுடைய எழுத்து வரிசை சித்தம் என்ற இந்திய எழுத்தைப் படித்த பௌத்தத் துறவிகளின் வழியாக அமைந்தது. க, ச, த, ந, அடுத்து ப இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஹ, அப்புறம் ம, ய, ர, வ என்று நம் நெடுங்கணக்கின் சாயல் அப்படியே இருக்கும். ஒரு கட்டை விரலால் அடிக்கலாம், நின்றுகொண்டு அடிக்கலாம். அட்டைகளில் வந்த சொல்லை வைத்து ஒரு வாக்கியம் அடித்துப் பார்ப்பது, பயணத்தில் செய்யக்கூடிய எழுத்துப் பயிற்சிகளில் உருப்படியானது. ரயிலில் உட்கார இடம் கிடைத்த நாளுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற கருவிகள் பற்றிச் சுருக்கமாக. டேப்லெட், உட்கார்ந்தால் மட்டுமே பயன்படும், நிற்பவருக்குப் பாரம். கிண்டிலும் அதைப் போன்ற வாசிப்புக் கருவிகளும் எனக்கு மிகவும் பிடிக்கும், செங்குத்து எழுத்தும் வரும், சொல்லை அழுத்திப் பிடித்தால் அகராதி வரும், பேட்டரி வாரக்கணக்கில் நிற்கும், ஆனால் அது என்3 தாண்டிக் கதை வாசிக்க ஆரம்பித்த பிறகு. இப்போது உங்களுக்கு வேண்டியது படிநிலை வாசிப்பு நூல்கள், ஜப்பானில் ததொகு (எளிய நூல்களை நிறைய வாசிப்பது) என்ற முறையை வளர்க்கும் லாபநோக்கமற்ற அமைப்பு நிறைய இலவசமாகத் தருகிறது, படம் போட்ட பிடிஎஃப், அது ஃபோனிலேயே நன்றாகத் தெரியும், கறுப்பு வெள்ளைச் சின்னத் திரையில் சோபிக்காது. 1997-லிருந்து இயங்கும் அவோசொரா புன்கோ என்ற இலவச நூலகத்தைப் பலர் பரிந்துரைப்பார்கள், காப்புரிமை முடிந்த பழைய இலக்கியம் அது, நடையும் பழையது, என்4 கட்டத்தில் திறந்தால் மனம் உடைந்துபோகும். கேசியோ எக்ஸ்-வேர்ட் போன்ற மின்னகராதிகள் ஜப்பானியர்கள் தங்களுக்காகச் செய்துகொண்டவை; விளக்கத்தில் வரும் கான்ஜிக்கு மேல் உச்சரிப்பு இருக்காது, அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அகராதி அவ்வளவாகத் தேவைப்படாது. ஒரு காலத்தில் இவைதான் வழி, இல்லையென்றால் 2006-ல் நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கு வந்த ஒரு அகராதி கார்ட்ரிட்ஜ், தெரியாத கான்ஜியைத் திரையில் குச்சியால் எழுதினால் கண்டுபிடித்துத் தரும், வெளிநாட்டு மாணவர்கள் விளையாட்டுக் கருவியைப் படிக்க வாங்கிய விநோதம் அப்போது நடந்தது. இப்போது அதே வேலையை ஃபோனில் விரலால் எழுதியே செய்துகொள்ளலாம். பழைய எம்பி3 பிளேயர் வீட்டில் கிடந்தால் மட்டும் தூசி தட்டி எடுங்கள், அறிவிப்பு ஒன்றும் வராது, ஏ-பி என்று ஒரு துண்டை மட்டும் திரும்ப ஓட்டும் பட்டன் இருந்தால் இன்னும் நல்லது.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. விளையாட்டு மாதிரி புள்ளி கொடுக்கும் ஆப்புகள் எழுத்துப் பழக உதவுகின்றன, தினமும் திறக்க வைக்கின்றன, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அவற்றை மட்டும் வைத்து என்4 தாண்டியவரை என் வகுப்பில் பார்த்ததில்லை. என் வகுப்பு சின்னது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். புரியாத வானொலியைப் பின்னணியில் ஓடவிட்டால் மொழி தானாக ஊறும் என்பார்கள், ஒலியின் தாளம் பழகலாம், சொல் ஊறும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. சுர ஏற்ற இறக்கத்தை ஆரம்பத்திலேயே படிக்க வேண்டுமா என்பதில் ஆசிரியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. டோக்கியோ வழக்கில் பாலத்துக்கும் சாப்பிடும் குச்சிக்கும் சுரம்தான் வித்தியாசம், ஆனால் என்4 தேர்வில் அதைக் கேட்டுக் கழுத்தைப் பிடிக்க மாட்டார்கள், கூடவே சொல்லிப் பழகினால் ஓரளவு தானாக வரும் என்பது என் கட்சி. செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவிகள் ஒரு வாக்கியத்தைப் பிரித்து விளக்குவதில் கெட்டிக்காரர்கள்தான், தவறையும் அதே தெம்போடு சொல்வார்கள், அகராதியில் சரிபார்க்காமல் அட்டையில் ஏற்றாதீர்கள். கணினிக் குரலும் அப்படித்தான், ஒரே கான்ஜிச் சேர்க்கைக்கு இரண்டு வாசிப்பு இருக்கும்போது அடிக்கடி மற்றதை வாசித்துவிடும். மனிதர் பேசிப் பதிந்த ஒலி கிடைக்கும் இடத்தில் அதையே எடுங்கள்.

வண்டி ஓட்டிக்கொண்டு படிக்கலாமா என்று கீழே இன்னொருவர் கேட்டிருந்தார். இருசக்கர வண்டியில் காதில் எதையும் மாட்டாதீர்கள். காரில் ஸ்பீக்கரில் ஏற்கெனவே கேட்டுப் பழகிய உரையாடல் மட்டும், திரையைத் தொடுவது கிடையாது. நடக்கும்போது இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுங்கள், பின்னால் வரும் ஹாரன் கேட்க வேண்டும்.

கடைசியாகத் தேர்வை ஒட்டி ஒன்று. தேர்வு தாளில்தான், விடையைப் பென்சிலால் நிரப்ப வேண்டும், கையால் கான்ஜி எழுதச் சொல்ல மாட்டார்கள், பேசவும் சொல்ல மாட்டார்கள், அதனால் பயணத்தில் எழுதிப் பார்க்க முடியவில்லையே என்ற கவலை இந்தத் தேர்வைப் பொறுத்தவரை வேண்டாம். ஆனால் கேட்டல் பகுதி, என்4-க்கு 35 நிமிடம், அறையில் உள்ள ஸ்பீக்கரில் ஓடும், ஒவ்வொன்றும் ஒரே தடவை. மாதக்கணக்கில் இயர்ஃபோனில் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகிய காதுக்கு அது திடுக்கென்று இருக்கும். எனவே அக்டோபர் நடுவிலிருந்து முறையை மாற்றுங்கள். ஜேஎல்பிடி தளத்தில் மாதிரி வினாக்கள் ஒலியோடு இருக்கின்றன, காலைப் பயணத்தில் அவற்றை நிறுத்தாமல், பின்னுக்கு ஓட்டாமல், ஒரே தடவை கேட்டு விடையைக் குறித்துக்கொள்ளுங்கள், மாலைப் பயணத்தில் தவறானவற்றை மட்டும் எழுத்தோடு பாருங்கள். வார இறுதியில் ஒருநாள் இயர்ஃபோனைக் கழற்றிவிட்டு, ஃபோனை அறையின் மறுகோடியில் வைத்து, முழு 35 நிமிடத்தையும் ஓடவிட்டுச் செய்து பாருங்கள். விண்ணப்பம் பல மாதம் முன்பே முடிந்துவிடும், தேதி நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் நாட்டில் தேர்வை நடத்துபவர்களின் தளத்தில் இன்றே பார்த்துவிடுங்கள்.